பாதுகாப்புக் கொள்கைக் கட்டளைகளின் கையேட்டைத் திருத்த வேண்டும் என்றால் எங்கே கை வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சில வருடங்களாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் போன்ற பாதுகாப்புக் கொள்கைகளை டெர்மினலில் இருந்து கையாளும் கட்டளைகளின் மேன் பக்கங்களை, அதாவது கட்டளையோடு கூடவே வரும் கையேட்டுப் பக்கங்களை, படித்துப் படித்து அலுத்துவிட்டது. எல்லா ஆப்ஷனும் அதில் இருக்கிறது, வேலைக்கு ஆகும் விஷயம் மட்டும் கண்ணில் படுவதில்லை. திருத்தி எழுதிக் கொடுக்க ஆசை, ஆனால் புரோகிராமர் இல்லையே என்று தயக்கம். எங்கே தொடங்குவது, எதை எழுதினால் உண்மையில் பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயக்கத்தை விடுங்கள். கருவியை எழுதியவருக்கு அதன் உள்ளே எல்லாம் தெரியும். அதனாலேயே எங்கே வழுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வழுக்கி விழுந்தவர் நீங்கள்தான். அந்த அனுபவம்தான் இந்த வேலைக்கு மூலதனம்.

ஆப்ஷன் பட்டியலை அழகுபடுத்துவதில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பலரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பட்டியல் அகரவரிசையில் இருக்கும், படிப்பவருக்கு ஒன்றும் மாறியிருக்காது. முதலில் யார் இதைப் படிக்கிறார் என்று யோசியுங்கள். எஸ்இலினக்ஸ் விதிகளைச் சேர்க்கவும் மாற்றவும் உதவும் செமேனேஜ் கட்டளையின் மேன் பக்கத்தை ஆற அமர உட்கார்ந்து படிப்பவர் யாரும் இல்லை. அவருடைய வெப் சர்வர் ஒரு கோப்பைத் திறக்க மறுக்கிறது. கோப்பின் உரிமையாளர் சரி, படிக்கும் அனுமதி சரி, இருந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றே வருகிறது. பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டு ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் யாரோ ‘செட்என்ஃபோர்ஸ் 0 அடித்துப் பார்’ என்கிறார்கள். எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்படி விடும் கட்டளை அது. அடிக்கிறார். வேலை செய்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். பூட்டு திறந்தபடியே கிடக்கிறது.

உங்கள் ஆவணம் போட்டி போட வேண்டியது அந்த ஒரு வரியோடுதான். சரியான, குறுகலான தீர்வு அந்த வரியைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகலாம், பரவாயில்லை. ஒரு மணி நேரம் ஆகும் என்றால் தோற்றது நீங்கள்தான். பாதுகாப்புக் கருவிக்கு எழுதப்படும் கையேடு தெளிவாக இல்லாவிட்டால் கருவியே அணைக்கப்படும். வேறு எந்த மென்பொருளிலும் கையேட்டின் குறைக்கு இவ்வளவு நேரடியான விலை கிடையாது.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் உள் பயன்பாட்டுக்கான நிறுவல் குறிப்பு ஒன்றை எழுதினேன். மூன்றாவது படியாக ‘தற்காலிகமாக செட்என்ஃபோர்ஸ் 0’ என்று போட்டிருந்தேன். திரும்ப இயக்கும் படியை எழுத மறந்துவிட்டேன். அந்தக் குறிப்பைப் பின்பற்றிய ஒருவர், ஒவ்வொரு முறை ரீபூட் ஆகும்போதும் அடிக்க வேண்டியிருக்கிறதே என்று அதை நிரந்தரமாக அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் எழுதியதைத்தான் அவர் இன்னும் ஒழுங்காகச் செய்தார். அதைக் கண்டுபிடித்தபோது எத்தனை சர்வர்களுக்கு அது பரவியிருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் தகவல் இல்லாமல் இல்லை, இடம் மாறி இருக்கிறது. செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பகத்துக்கு என்ன லேபிள், அதாவது எஸ்இலினக்ஸ் பார்த்து முடிவெடுக்கும் அடையாளச் சீட்டு, இருக்க வேண்டும் என்ற விதியை இந்தக் கட்டளை பதிவு செய்கிறது. அவ்வளவுதான். வட்டில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை அது தொடுவதே இல்லை. விதியைக் கோப்புகள்மேல் செயல்படுத்த ரீஸ்டோர்கான் என்ற இன்னொரு கட்டளையை ஓட்ட வேண்டும். இந்தத் தகவல் பக்கத்தில் இருக்கிறது. எங்கே? கடைசியில், எடுத்துக்காட்டுப் பகுதியில், ‘ரீஸ்டோர்கான் ஓட்ட மறக்காதீர்கள்’ என்று ஒரு குறிப்பாக. முதல் பத்தியில் இருக்க வேண்டிய வாக்கியம் அது. புதிதாக வருபவர் விதியைச் சேர்க்கிறார், பிழை எதுவும் வரவில்லை, ஆனால் எதுவும் மாறவும் இல்லை. கட்டளை கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து சிஎச்கான் என்ற வேறு கட்டளைக்குத் தாவுகிறார். அது உடனே லேபிளை மாற்றிவிடுகிறது, வேலையும் நடக்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கு விதிப்பட்டியலில் ஆதாரம் இல்லை. அடுத்த முறை யாராவது அந்தக் கோப்பகத்தில் ரீஸ்டோர்கான் ஓட்டினாலோ, முழு அமைப்பும் மறுலேபிள் ஆனாலோ, பழைய லேபிள் திரும்பி வந்துவிடும். மூன்று மாதம் நன்றாக ஓடியது ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் விழும்.

ஆக, ஒரு கட்டளையைப் பற்றி எழுதும்போது நான் பதில் தேடும் கேள்விகள் இவை: இது எதை மாற்றுகிறது, அந்த மாற்றம் எங்கே எழுதப்படுகிறது, எதுவரை நிற்கும், எப்படித் திரும்பப் பெறுவது, ஆயிற்றா இல்லையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. எஃப்கான்டெக்ஸ்ட் பக்கத்தின் முதல் பத்தியை நான் எழுதினால் இப்படி இருக்கும்: “இந்தக் கட்டளை ஒரு பாதைக்கு உரிய லேபிள் விதியைக் கொள்கைக் கிடங்கில் சேர்க்கிறது. விதி ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். ஏற்கெனவே உள்ள கோப்புகளின் லேபிளை இது மாற்றாது. அதற்கு ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள். நீங்கள் சேர்த்த விதிகளை மட்டும் பார்க்க -எல், பெரிய எழுத்து -சி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். நீக்க -டி.” ஆறு சின்ன வாக்கியம். ஆப்ஷன் பட்டியல் பிறகு வரட்டும், யாரும் தடுக்கவில்லை.

‘எதுவரை நிற்கும்’ என்ற கேள்வியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கருவியும் இதில் ஒவ்வொரு விதம். கொள்கையில் உள்ள பூலியன்களை, அதாவது ஆன்-ஆஃப் சுவிட்சுகளை, மாற்றும் செட்செபூல் கட்டளையைப் பெரிய -பி (P) இல்லாமல் கொடுத்தால் மாற்றம் உடனே நடக்கும், ரீபூட்டில் போய்விடும். -பி கொடுத்தால் நிற்கும், ஆனால் கொள்கையை மறுபடி கட்டுவதால் சில நொடிகள் எடுக்கும். அந்தச் சில நொடிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புதியவர் தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் கன்ட்ரோல்-சி அடித்துவிடுவார். நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால்டி இன்னும் விசித்திரம். பெர்மனன்ட் ஆப்ஷன் இல்லாமல் கொடுத்தால் இப்போது நடக்கும், ரீலோடில் போய்விடும். பெர்மனன்ட் கொடுத்தால் சேமிக்கப்படும், ஆனால் ரீலோட் செய்யும்வரை நடைமுறைக்கு வராது. ‘நிரந்தரம்’ என்று கேட்டவருக்கு இப்போதைக்கு எதுவும் கிடைக்காது என்பதை எந்தப் புத்திசாலியும் ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததைத்தான் எழுத வேண்டும். அதே வடிகட்டும் வேலையைச் செய்யும் ஐபிடேபிள்ஸின் விதிகளைத் தனியாகச் சேமித்து வைக்காவிட்டால் ரீபூட்டில் எல்லாமே காலி. இவற்றில் இரண்டு கருவிகளை ஒரே நாளில் பயன்படுத்துபவரின் தலையில் எது எது நிற்கும் என்று எப்படி நினைவிருக்கும்?

விதிகளின் வரிசையும் அப்படித்தான். ஐபிடேபிள்ஸில் மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்தி முடிவு சொல்லும் விதி வெல்லும். யார் எந்தக் கட்டளையை நிர்வாகியாக (ரூட்) ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் கடைசியாகப் பொருந்துவது வெல்லும். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பிஎஃப் என்ற ஃபயர்வாலிலும் கடைசிதான், ஆனால் ‘குவிக்’ என்ற சொல் இருந்தால் அங்கேயே முடிந்தது. இந்த ஒரு வாக்கியம் ஒவ்வொரு கையேட்டின் தலையிலும் இருக்க வேண்டும். பல கையேடுகளில் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது: ஆவணம் லாக் வரியிலிருந்து தொடங்க வேண்டும். படிப்பவர் கையில் கட்டளையின் பெயர் இருப்பதில்லை. மறுப்பைச் சொல்லும் ஏவிசி வரி ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு முழ நீளத்துக்கு. அந்த வரியை அப்படியே போட்டு, துண்டு துண்டாக விளக்குங்கள். அடைப்புக்குள் இருப்பது மறுக்கப்பட்ட செயல், படித்தலா எழுதுதலா என்பது. எஸ்கான்டெக்ஸ்ட் என்பது கேட்டவர் யார், அதாவது எந்த டொமைனில் (நிரல்களுக்கு எஸ்இலினக்ஸ் தரும் வகை) ஓடும் நிரல். டிகான்டெக்ஸ்ட் என்பது எதைக் கேட்டது, அதன் லேபிள். டிகிளாஸ் என்பது அது கோப்பா, கோப்பகமா, சாக்கெட்டா. கடைசியில் பெர்மிசிவ் என்ற புலம் 1 என்று இருந்தால் உண்மையில் தடுக்கப்படவில்லை, பதிவு மட்டும் ஆயிற்று. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. எஸ்இலினக்ஸ் மேல் இருக்கும் பயத்தில் பெரும்பகுதி இந்த வரியைப் படிக்கத் தெரியாததால் வருவதுதான் என்பது என் கணிப்பு.

அங்கிருந்து எந்த வரிசையில் யோசிப்பது என்பதையும் எழுத வேண்டும். கோப்பின் லேபிள் தவறா? அதற்கு ரீஸ்டோர்கான். லேபிள் விதிப்படிதான் இருக்கிறது, ஆனால் இடம் வழக்கமானது இல்லையா? எஃப்கான்டெக்ஸ்ட். கொள்கை எழுதியவர்கள் இந்தத் தேவையை முன்கூட்டியே யோசித்து ஒரு பூலியன் சுவிட்ச் வைத்திருக்கிறார்களா? செட்செபூல். வழக்கமில்லாத போர்ட்டா? செமேனேஜ் போர்ட். இவை எதுவும் இல்லை, நிரல் செய்வதும் நியாயம்தான் என்றால் மட்டும் புதிய விதி எழுதுவது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் ஆடிட்டூஅலவ் என்ற கட்டளை அவ்வளவு வசதியானது. லாக்கை உள்ளே ஊற்றினால் அனுமதி விதி வெளியே வருகிறது.

அந்த வசதி எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஒருவர் தன் ஹோம் கோப்பகத்தில் ஒரு பக்கத்தை உருவாக்கி, எம்வி கட்டளையால் வெப் சர்வரின் கோப்பகத்துக்கு நகர்த்துகிறார். சிபி கொண்டு நகலெடுத்திருந்தால் புதிய கோப்பு போய்ச் சேர்ந்த கோப்பகத்துக்கு ஏற்ற லேபிளைப் பெற்றிருக்கும். எம்வி பழைய லேபிளைக் கூடவே தூக்கிக்கொண்டு வரும். ஆக அந்தக் கோப்பின்மேல் இன்னும் ‘பயனரின் ஹோம் கோப்பு’ என்ற லேபிள். வெப் சர்வர் படிக்கப் போனால் மறுப்பு. இப்போது அந்த மறுப்பை ஆடிட்டூஅலவ்விடம் கொடுத்தால், அது கேட்டபடியே செய்யும்: வெப் சர்வர் பயனர்களின் ஹோம் கோப்புகளைப் படிக்கலாம் என்று விதி எழுதிக் கொடுக்கும். ஒரே ஒரு கோப்பைச் சரிசெய்யப் போய், அந்த லேபிள் உள்ள எல்லாக் கோப்புக்கும் கதவு திறந்தாயிற்று. தேவைப்பட்டதோ ஒரு ரீஸ்டோர்கான். இந்தக் கதையை ஆடிட்டூஅலவ் கையேட்டின் முதல் எடுத்துக்காட்டுக்கு முன்னால் எழுத வேண்டும் என்பேன். எடுத்துக்காட்டை மட்டும் நகலெடுத்து ஒட்டுபவர்கள்தான் அதிகம். அதனால் முதலில் நிற்கும் எடுத்துக்காட்டு மிகக் குறைவான தீங்கு செய்வதாக இருக்க வேண்டும். சுருக்கமானதை முதலில் வைப்பது நம் பழக்கம், இங்கே அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

லாக்கில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் மறுப்பு என்ற நிலையும் உண்டு. சத்தம் அதிகம் என்று சில மறுப்புகளைப் பதியாமல் விட கொள்கையிலேயே டோன்ட்ஆடிட் விதிகள் இருக்கின்றன. செமாட்யூல் கட்டளைக்குப் பெரிய -டி (D), பெரிய -பி (B) இரண்டும் கொடுத்தால் அவை விலகும், வெறும் -பி கொடுத்தால் திரும்ப வரும். இதைத் தெரியாமல் நாள் முழுக்க முட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதேபோல் ‘அணைத்துப் பார்க்கத்தான் வேண்டும்’ என்பவருக்கு, முழு அமைப்பையும் விட்டுவிட்டு ஒரு டொமைனை மட்டும் பெர்மிசிவ் ஆக்க செமேனேஜ் பெர்மிசிவ் இருக்கிறது. செட்என்ஃபோர்ஸைப் பற்றிப் பேசும் பக்கம் எதுவானாலும் இதைப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். கெட்ட வழியை மட்டும் கண்டித்துவிட்டு நல்ல வழியைச் சொல்லாத ஆவணம் வெறும் திட்டு.

‘இப்படித் தளர்த்தும் வழிகளை எழுதினால் தாக்குபவர்களும் படிப்பார்களே’ என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். ரூட் அனுமதி கிடைத்தவருக்குக் கையேடு தேவையில்லை. மேலே போவோம்.

பிழைச் செய்திகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆவணத்தில் போடுங்கள். மக்கள் தேடுவது அதை வைத்துத்தான். பழைய செமேனேஜ் பதிப்புகளில் 8080 போர்ட்டைச் சேர்க்கப் போனால் ‘ஏற்கெனவே வரையறுக்கப்பட்டுள்ளது’ என்று நின்றுவிடும், ஏனென்றால் கொள்கையில் அது வேறொரு வகைக்கு முன்பே ஒதுக்கப்பட்டது. சேர்க்கும் -ஏ ஆப்ஷனுக்குப் பதிலாக மாற்றும் -எம் ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும். பதில் ஒரே எழுத்து. ஆனால் ‘சேர்ப்பது எப்படி’ என்ற பகுதியில் பிழையின் வாசகம் இல்லாததால், அந்த எழுத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் எங்கெங்கோ அலைகிறார்.

வெளியேறும் எண்களும் இந்த வகைதான். கட்டளையை மனிதர் ஓட்டும்போது திரையில் வருவதைப் படிக்கிறார், ஸ்கிரிப்ட் ஓட்டும்போது வெளியேறும் எண் மட்டும்தான் பேசும், 0 என்றால் வெற்றி. கொள்கைக் கருவி ஒன்றை யாரோ வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருப்பார். எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் காவலாளி எல்லோருக்கும் சல்யூட் அடித்து உள்ளே விடுவார். எழுதி வைத்த விதிகளின்படி அனுமதிக்கலாமா என்று முடிவு சொல்லும் ஓப்பன் பாலிசி ஏஜென்ட் கருவியின் இவால் கட்டளை நல்ல உதாரணம். வினவலுக்கு விடையே இல்லாவிட்டாலும் அது இயல்பாக 0 என்றே வெளியேறும். ஃபெயில் என்ற ஆப்ஷன் கொடுத்தால் விடை இல்லாதபோது தோல்வி. சரி, இனிக் கவலையில்லை என்று நினைப்போம். ஆனால் அனுமதி என்ற விதிக்கு இயல்பு மதிப்பு ‘பொய்’ என்று வைத்திருந்தால், ‘பொய்’ என்பதும் ஒரு விடைதான். விடை இருக்கிறதே, ஆகவே 0. மறுக்கப்பட்ட கோரிக்கை வெற்றி எண்ணோடு வெளியே வருகிறது. ‘விடையில்லை’க்கும் ‘இல்லை என்ற விடை’க்கும் உள்ள இந்த வித்தியாசத்தை விளக்கி, மூன்று வரியில் ஒரு அட்டவணை போட்டால் பல பேருடைய வாசல் மூடும்.

எடுத்துக்காட்டுகளைப் பற்றிச் சில சில்லறை விஷயங்கள். சில்லறை என்றாலும் இவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. ரூட் பயனர் என்பதைக் காட்ட வரியின் முன்னால் ஹேஷ் குறி போடுவது பழைய வழக்கம். அந்தக் குறியையும் சேர்த்து நகலெடுத்து ஷெல் ஸ்கிரிப்டில் ஒட்டினால் அது வெறும் குறிப்பு வரி. கட்டளை ஓடாது, பிழையும் வராது. விதி சேர்ந்துவிட்டது என்று ஒருவர் நிம்மதியாகப் போய்விடுவார். ‘ரூட்டாக ஓட்டவும்’ என்று சொல்லிவிட்டு வரியைச் சுத்தமாகப் போடுங்கள். எஃப்கான்டெக்ஸ்ட் எடுத்துக்காட்டில் பாதைக்குப் பின்னால் வரும் அடைப்பு, சாய்கோடு, புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி என்ற வால் என்ன என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘இந்தக் கோப்பகமும், இதன் உள்ளே இருப்பது எல்லாமும்’. மேற்கோள் குறி ஏன் என்றும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அந்த அடைப்பைத் தானே விழுங்கப் பார்க்கும். எடுத்துக்காட்டுக்குக் கீழே எதிர்பார்க்கும் வெளியீட்டையும் போடுங்கள். வெற்றி என்றால் எதுவுமே அச்சாகாது என்றால் அதையும் எழுதுங்கள். மௌனம் சம்மதமா, பிழையா என்று புதியவருக்கு எப்படித் தெரியும்?

சொற்களில் கட்டுப்பாடு வேண்டும். கான்டெக்ஸ்ட், லேபிள், டைப் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். கான்டெக்ஸ்ட் என்பது பயனர், பங்கு, டைப், நிலை என்று நான்கு பகுதி கொண்ட முழுச் சரம். டைப் அதில் ஒரு பகுதி. அன்றாட வேலையில் பெரும்பாலும் டைப் மட்டுமே முக்கியம் என்பதால் எழுதுபவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. ரீஸ்டோர்கானின் பெரிய -எஃப் ஆப்ஷனை விளக்கும் இடத்தில் அது உறைக்கும். அந்த ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் டைப் பகுதி மட்டும் சரிசெய்யப்படும், ‘நிர்வாகி விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்’ என்று குறிக்கப்பட்ட சில டைப்கள் தொடப்படவே மாட்டா. -எஃப் கொடுத்தால் அவையும் மாறும், மற்ற மூன்று பகுதிகளும் மாறும். இவ்வளவையும் கையேடு மூச்சுவிடாத ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. நான் அதை நாலு முறை படித்தேன். படிப்பவர்களில் கணிசமானோருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி, நமக்கும்தான். இரட்டை எதிர்மறை வேண்டாம், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும்.

சூடோயர்ஸ் பக்கத்தைப் பலர் கேலி செய்வார்கள், இலக்கணச் சூத்திரமாகவே நிரம்பியிருக்கும் என்று. ஆனால் சூத்திரம் தொடங்கும் முன், இந்தக் குறியீடு தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம், எளிதுதான், கீழே விளக்கம் இருக்கிறது என்று ஒரு வரி வரும். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து எழுதியவரின் வரி அது.

சரி, எழுதியது கெட்டுப்போகாமல் இருப்பது எப்படி? கொள்கைக் கருவிகளில் ஆவணம் சீக்கிரம் புளித்துப்போகும். அமைப்புக் கோப்பில் எஸ்இலினக்ஸை ‘டிசேபிள்டு’ என்று எழுதினால் முழுதாக அணையும் என்பது ஒரு காலத்தில் உண்மை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9ல் அப்படி எழுதினால் கெர்னலில் எஸ்இலினக்ஸ் இயங்கியபடியே இருக்கும், கொள்கை மட்டும் ஏற்றப்படாது. முழுதாக அணைக்க கெர்னல் அளவுருவைத்தான் தொட வேண்டும். ஓடும்போதே அணைக்கும் வழியை லினக்ஸ் கெர்னல் 6.4 பதிப்பு முழுக்க நீக்கிவிட்டது. ஓப்பன் பாலிசி ஏஜென்ட் 2024 டிசம்பரில் 1.0 ஆனபோது அதன் விதிகளை எழுதும் ரெகோ மொழியில் ‘இஃப்’ போன்ற சொற்கள் கட்டாயமாயின. அதற்கு முன் எழுதிய எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அப்படியே ஓடாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் இருந்த பாட் செக்யூரிட்டி பாலிசி என்ற வசதி 1.25 பதிப்பில் காணாமலே போனது, அதை விளக்கும் பக்கங்கள் மட்டும் இன்னும் உலவுகின்றன.

ஆகவே ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் எந்தப் பதிப்பில் சோதித்தது என்று எழுதுங்கள். முடிந்தால் எடுத்துக்காட்டுகளைத் தனிக் கோப்புகளாக வைத்து, மெய்நிகர் கணினி ஒன்றில் தானாக ஓடவிட்டு, வெளியீடு மாறினால் கத்தும்படி செய்யுங்கள். அதைவிடச் சின்னதாக ஒன்று: ஹெல்ப் ஆப்ஷன் காட்டும் பட்டியலையும் மேன் பக்கத்தில் இருக்கும் பட்டியலையும் ஒப்பிடும் பத்து வரி ஸ்கிரிப்ட். அதை முதன்முதலில் ஓட்டும்போது கிடைக்கும் வேறுபாடுகளே ஒரு மாத வேலைக்குப் போதும். வடிவப் பிழைகளைப் பிடிக்க மேன்டாக் கருவியின் லின்ட் வசதி இருக்கிறது.

தானாக ஆவணம் தயாரிக்கும் வழிகளையும் மதியுங்கள், ஆனால் அவற்றின் எல்லை தெரிந்து. செபாலிசி மேன்பேஜ் என்ற கட்டளை கொள்கையையே படித்து, வெப் சர்வருக்கு ஒன்று, எஃப்டிபி சேவைக்கு ஒன்று என்று மேன் பக்கங்களை உருவாக்கித் தரும். எந்தெந்த பூலியன்கள், எந்த லேபிள்கள், எந்தப் போர்ட்கள் என்று எல்லாம் வரும். கொள்கை மாறினால் மறுபடி உருவாக்கினால் போதும். பட்டியலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ‘இந்த பூலியனைத் திறந்தால் எதை இழக்கிறேன்’ என்பதை மட்டும் இயந்திரம் சொல்லாது. அதை ஒரு மனிதர்தான் எழுத வேண்டும். வெப் சர்வர் வெளியே எந்த முகவரிக்கும் இணைப்பு ஏற்படுத்தலாம் என்ற பூலியனைத் திறக்கும் இடத்தில், ‘தரவுதளத்தோடு மட்டும் பேச வேண்டும் என்றால் அதற்குத் தனி பூலியன் இருக்கிறது, அதைத் திறங்கள்’ என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே ‘பக்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. எங்கள் கருவியில் இன்ன குறை இருக்கிறது என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்றைய பாதுகாப்புக் கருவிகளின் கையேடுகளில் அந்த நேர்மை குறைவு. இந்தக் கொள்கை எதைத் தடுக்காது என்று ஒரு பகுதி எழுதிப் பாருங்கள். பராமரிப்பவர்கள் முதலில் முகம் சுளிக்கலாம். பிடிவாதமாக இருங்கள்.

எழுதி முடித்ததும் யாராவது ஒருவரை உட்கார வைத்து, ஒரு மெய்நிகர் கணினியில் வேண்டுமென்றே ஒரு மறுப்பை உண்டாக்கி, உங்கள் பக்கத்தை மட்டும் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். எந்த வரியில் நின்று திரும்பப் படித்தார், எங்கே பிரவுசரைத் திறந்து தேடப் போனார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தேடப் போன இடம்தான் அடுத்து எழுத வேண்டிய பத்தி.

கடைசியாக, முதல் திருத்தத்தை எப்படி அனுப்புவது. முழுப் பக்கத்தையும் மாற்றி எழுதி அனுப்பாதீர்கள். நானூறு வரி மாற்றத்தைச் சரிபார்க்க யாருக்கும் நேரம் கிடையாது, அது மாதக்கணக்கில் கிடக்கும், நீங்கள் மனம் வெறுத்துப்போவீர்கள். பங்களிப்பு விதிகள் என்ன என்று திட்டத்தின் மூலநிரலோடு இருக்கும் கோப்பில் படியுங்கள், சில திட்டங்களில் உங்கள் பெயரில் கையொப்ப வரி கட்டாயம். நீங்கள் திருத்தப்போவது மூலக் கோப்பா, வேறு எதிலிருந்தோ தானாக உருவானதா என்று பாருங்கள். உருவானதைத் திருத்தினால் அடுத்த வெளியீட்டில் அழிந்துவிடும். மேன் பக்கத்தின் மூல வடிவம் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், புள்ளியில் தொடங்கும் வரிகளாக. பயப்பட ஒன்றுமில்லை, ஏழெட்டுக் குறிகள் தெரிந்தால் போதும். திருத்திய கோப்பை மேன் கட்டளைக்கு -எல் கொடுத்து அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழைத் திருத்தத்தையும் பொருள் மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டாதீர்கள். விளக்கக் குறிப்பில் ‘ஆவணத்தை மேம்படுத்தினேன்’ என்று எழுதாமல், யார் எந்த நிலையில் மாட்டிக்கொள்கிறார், பழைய வாசகத்தை எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறார், புதியதை எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் பக்கத்தின் கடைசியில் கிடக்கும் அந்த ரீஸ்டோர்கான் குறிப்பை முதல் பத்திக்குக் கொண்டுவருவதையே உங்கள் முதல் திருத்தமாக வைத்துக்கொள்ளலாம். வேறு யாராவது அதற்குள் செய்திருக்கிறார்களா என்று மட்டும் முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.